க்ரெஸ்ட்லைன், ஆரோஹெட் பக்கம் மலைவீடு: பனியில் அடைபட்டால் எத்தனை நாள்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

கோடைவாசி:
எல்லோருக்கும் வணக்கம். நானும் கணவரும் தெற்கு கலிபோர்னியாவில் இர்வைனில் வாடகைக்கு இருக்கிறோம், இருவருக்கும் வீட்டிலிருந்தே வேலை. அதனால் சான் பெர்னார்டினோ மலையில் வீடு பார்க்கிறோம், க்ரெஸ்ட்லைனிலிருந்து ரன்னிங் ஸ்ப்ரிங்ஸ் வரைக்கும். மாமனார் மாமியார் கோயம்புத்தூரிலிருந்து வந்தால் ஆறு மாதம் தங்குவார்கள், அதில் பாதி குளிர்காலத்தில் வரும். மாமனார் இன்சுலின் போட்டுக்கொள்பவர். வீடு காட்டும் ஏஜென்ட், "வருஷத்துக்கு ரெண்டு மூணு தடவைதான் ஸ்னோ விழும், மறுநாளே ரோட்டைத் திறந்துடுவாங்க" என்கிறார். 2023 செய்திகளை நானும் பார்த்தேன், அதனால் அதை அப்படியே நம்ப முடியவில்லை. அங்கே குளிர்காலம் கழித்தவர்கள் நடந்ததை நடந்தபடி சொன்னால் முடிவெடுக்க உதவியாக இருக்கும்.

ரிம்_வாசி:
ஏஜென்ட் சொன்னது பெரும்பாலான வருடங்களுக்குச் சரிதான். நீங்கள் விசாரிக்க வேண்டியது மோசமான வருடத்தைப் பற்றி, அதனால் 2023 பிப்ரவரி கடைசியில் நடந்ததைச் சொல்கிறேன், நான் அப்போது க்ரெஸ்ட்லைன் பக்கம்தான் இருந்தேன்.

சான் டியேகோ வானிலை அலுவலகம் எங்கள் மலைக்கு அதன் வரலாற்றிலேயே முதல் தடவையாகக் கடும் பனிப்புயல் எச்சரிக்கை விட்டது. நனைந்த கனமான பனி, கூடவே காற்று. ஒரு புயல் ஓய்வதற்குள் அடுத்தது வந்து, மார்ச் 1 வரை விட்டு விட்டுப் பெய்தது. சில இடங்களில் மொத்தம் 100 அங்குலத்துக்கு மேல், அதாவது இரண்டரை மீட்டர். ஒருநாள் இரண்டு நாளில் சாலை திறக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தவர்களில் பலர் ஒரு வாரத்துக்கு மேல், சில தெருக்களில் இரண்டு வாரத்துக்குக் கிட்ட வெளியே வரமுடியாமல் கிடந்தோம்.

ஏன் அவ்வளவு நாள் என்பதுதான் எல்லோரும் புரிந்துகொள்ள வேண்டிய விஷயம். சாதாரண ப்ளோ வண்டி பனியை ஓரமாகத் தள்ளும், அவ்வளவுதான் அதன் வேலை. ஓரத்தில் ஏற்கெனவே ஆள் உயரத்துக்குக் குவிந்துவிட்டால் தள்ள இடம் கிடையாது, பிறகு அள்ளி லாரியில் ஏற்றும் லோடரோ, உறிஞ்சித் தூரமாக வீசும் பெரிய ப்ளோயரோ வந்தாக வேண்டும். எங்கள் மலையில் அவை போதுமான அளவு இல்லை, வெளியிலிருந்து வர வேண்டியிருந்தது. வந்த வண்டிகளும் முதலில் ஹைவேயைத்தான் திறக்கும், பிறகு பெரிய தெருக்கள், கடைசியில்தான் நம் சந்து. டிவியில் ஹைவே 18 திறந்தாயிற்று என்கிறார்கள், எங்கள் தெருவில் நிறுத்தியிருந்த கார்களின் கூரைகூடத் தெரியவில்லை. நடுவில் யாராவது காரை விட்டுவிட்டுப் போயிருந்தால் வண்டி அதோடு நின்றுவிடும், பனிக்கு அடியில் கார் எங்கே இருக்கிறது என்று ஓட்டுநருக்கு எப்படித் தெரியும்? அப்புறம், தெருவைத் திறக்கிற வண்டியே நம் ட்ரைவ்வே (தெருவிலிருந்து வீட்டுக்குக் கார் வரும் வழி) வாசலில் ஒரு சுவரைக் குவித்துவிட்டுப் போகும். பெர்ம் என்பார்கள். அது இரவில் கல் மாதிரி இறுகிவிடும், ஷவல் இறங்காது.

மார்ச் 1 அன்று 13 கவுண்டிகளுக்கு (நம்மூர் மாவட்டம் மாதிரி) ஆளுநர் நெருக்கடி நிலை அறிவித்தார், அதில் எங்கள் கவுண்டியும் உண்டு. அதே நேரத்தில்தான் க்ரெஸ்ட்லைனில் ஊரே நம்பியிருந்த மளிகைக் கடையின் கூரை பனிப்பாரத்தில் இடிந்து விழுந்தது. அப்போதுதான் எனக்கு உண்மையாகவே பயம் வந்தது. கடை இருக்கிறது, நடந்தாவது போய்விடலாம் என்ற தைரியம் அதோடு போயிற்று.

இன்னொன்று, எந்த வீடு பார்த்தாலும் கேஸ் மீட்டர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். கூரையிலிருந்து சரியும் பனி நேராக மீட்டர் மேல் விழுந்து குழாய் இணைப்பை முறித்துவிடும். அந்த வாரம் கேஸ் கசிந்து வீடுகள் எரிந்தன. தீயணைப்பு வண்டி தெருவுக்குள் வர வழியில்லை, வந்தாலும் தண்ணீர் எடுக்கும் ஹைட்ரண்ட் பனிக்கு அடியில். மீட்டரைச் சுற்றி ஷவலால் வெட்டாதீர்கள், கையாலோ துடைப்பத்தாலோதான் தள்ள வேண்டும்.

டிரக்கி_பக்கம்:
ரிம்_வாசி அண்ணன் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நாங்கள் இருப்பது வடக்கு கலிபோர்னியாவில் டிரக்கியில், டானர் கணவாய்க்குக் கொஞ்சம் கிழக்கே. அதே 2022-23 குளிர்காலத்தில் கணவாய்க்குப் பக்கத்தில் பெர்க்லி பல்கலைக்கழகத்தின் பனி ஆய்வகத்தில் 754 அங்குலம் அளந்தார்கள், 19 மீட்டருக்கு மேல். 1951-52 இல் வந்த 812 அங்குலத்துக்கு அடுத்து அதுதான் பெரியது. அவ்வளவு விழுந்தும் எங்கள் தெரு புயல் நின்ற மறுநாளோ அதற்கடுத்த நாளோ திறந்துவிடும்.

காரணம் பனியின் அளவு இல்லை, ஊரின் ஏற்பாடு. இங்கே நவம்பர் வந்தால் தெரு ஓரம் நெடுக உயரமான கம்புகளை நட்டுவிடுவார்கள், வண்டி ஓட்டுபவருக்குத் தெருவின் விளிம்பு தெரிய. ஒவ்வொரு மனையிலும் தெருவை ஒட்டிய பகுதியைப் பனி குவிக்க விட்டிருப்பார்கள், அங்கே வேலி கட்ட முடியாது. கூரைகள் செங்குத்தானவை, பெரும்பாலும் தகரம், பனி தானாக வழுக்கி இறங்கும், இறங்கும் பக்கத்தில் வாசல் வைக்கமாட்டார்கள். ப்ளோயர் வைத்திருக்கும் ஆளோடு அக்டோபரிலேயே பருவம் முழுவதற்கும் பேசிவிடுவோம். லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து ஒன்றரை மணி நேரத்தில் இருக்கும் உங்கள் மலையில் பாதி வீடுகள் கோடை விடுதியாகக் கட்டியவை, கூரை தட்டை, டெக் (வீட்டை ஒட்டிய திறந்த மரத் தளம்) பெரியது, தெரு குறுகல். அதனால் கோடைவாசி, "எவ்வளவு பனி விழும்" என்று கேட்காதீர்கள், "விழுந்தால் இந்தத் தெருவை யார், எந்த வண்டியில் எடுப்பார்கள்" என்று கேளுங்கள்.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும் மலை சிலசமயம் கேட்காது, அதையும் சொல்லிவிட வேண்டும். 1952 ஜனவரியில் 'சிட்டி ஆஃப் சான் ஃபிரான்சிஸ்கோ' என்ற சொகுசு ரயில் 226 பேரோடு டானர் கணவாய்க்கு மேற்கே யூபா கேப் என்ற இடத்தில் பனியில் சிக்கி மூன்று நாள் நின்றது. பனி வெட்டும் எஞ்சின்களே போய் மாட்டிக்கொண்டன. கடைசியில் பயணிகளைப் பக்கத்து ஹைவே வரை நடத்திக் கூட்டிக்கொண்டு போனார்கள்.

பைன்_காற்று:
எனக்குப் பிக் பேரில் ஒரு சின்ன கேபின் இருக்கிறது. நீங்கள் எல்லோரும் சேர்ந்து அவரைப் பயமுறுத்துகிறீர்கள் என்று நினைக்கிறேன். 2023 மாதிரி எத்தனை வருடத்துக்கு ஒருமுறை வரும்? இப்போதெல்லாம் புயல் வருவதை மூன்று நான்கு நாள் முன்பே சொல்லிவிடுகிறார்கள். எச்சரிக்கை வந்ததும் பையைக் கட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட வேண்டியதுதானே. பனியில் இரண்டு நாள் அடைபட்டுக் கிடப்பதும் ஒரு சுகம்தான், விறகு அடுப்பு எரிகிறது, குழந்தைகள் வெளியே உருள்கிறார்கள், வேலை இல்லை, போன் இல்லை. அதற்காகத்தானே மலையில் வீடு வாங்குகிறோம்?

ரிம்_வாசி:
பைன்_காற்று, அந்தச் சுகத்தை நான் மறுக்கவில்லை, முதல் இரண்டு நாள் எங்களுக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் உங்களுக்குக் கீழே இன்னொரு வீடு இருக்கிறது. இங்கேயே குடியிருப்பவர்களுக்கு இறங்கிப் போனால் ஓட்டல்தான், ஒரு வாரத்துக்கு நான்கு பேருக்கு என்ன ஆகும் என்று கணக்குப் போடுங்கள். எங்கள் தெருவில் ஓய்வு பெற்றவர்கள், தனியாக இருக்கும் விதவைகள், ஆக்ஸிஜன் கருவியோடு இருப்பவர் எல்லோரும் உண்டு. கார் ஓட்டாதவர் எப்படி இறங்குவார்? அந்த நாட்களில் மலை ஊர்களில் ஒரு டஜன் பேருக்கு மேல் இறந்தார்கள். பெரும்பாலும் இயற்கை மரணம், புயலுக்குச் சம்பந்தமில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள். மருத்துவக் காரணம் அப்படியே இருக்கட்டும். ஆனால் வழி அடைபட்ட வீட்டில் ஒரு முதியவருக்கு நெஞ்சு வலித்தால் ஆம்புலன்ஸ் எங்கே வந்து நிற்கும்?

இறங்கிவிடுவது நல்ல யோசனைதான், முதியவர்கள் இருக்கும் வீட்டுக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் சும்மா பூட்டிவிட்டுப் போகக்கூடாது. மெயின் வால்வை மூடி, வீட்டின் மிகத் தாழ்வான குழாயைத் திறந்து எல்லா லைனையும் வடித்துவிட வேண்டும், கழிப்பறைத் தொட்டியையும் காலி செய்ய வேண்டும். மின்சாரம் போய் ஹீட்டர் நின்றால் சுவருக்குள் குழாய் உறைந்து வெடிக்கும், அது உறைந்திருக்கும்போது தெரியாது, இளகும்போதுதான் தண்ணீர் கொட்டும். நீங்கள் கீழே இருப்பீர்கள், யாரும் பார்க்கமாட்டார்கள்.

இரவுப்பணி:
நான் மலையடிவாரத்தில் அவசர சிகிச்சைப் பிரிவில் செவிலியர். கோடைவாசி, உங்கள் மாமனார் விஷயத்துக்காகத்தான் எழுத வந்தேன் தங்கச்சி.

இன்சுலின் வெயிலில் கெடும் என்று நம்மூர்க்காரர்கள் எல்லோருக்கும் தெரியும், உறைந்தாலும் கெடும் என்பது பலருக்குத் தெரியாது. ஃபிரிட்ஜ் நின்றுவிட்டதே என்று ஜன்னல் ஓரத்திலோ பனிக்குள்ளோ வைத்துவிடுகிறார்கள். ஒருமுறை உறைந்தால் இளகி பார்க்க நன்றாக இருந்தாலும் தூக்கிப்போட வேண்டியதுதான். போட்டுக்கொண்டிருக்கும் இன்சுலின் பேனா பெரும்பாலான வகைகளில் சாதாரண அறைக் குளிர்ச்சியில் 28 நாள் போல தாங்கும் (உறையில் போட்டிருக்கும் கணக்கைப் பாருங்கள்), அதனால் பதற வேண்டாம், உள் அறை அலமாரியில் வைத்தாலே போதும். இந்தியாவிலிருந்து வரும்போதே தங்கும் காலத்துக்கு மேல் ஒரு மாதம் கூடுதலாக மருந்தும், சர்க்கரை பார்க்கும் பட்டைகளும், மருத்துவர் சீட்டும் கொண்டுவரச் சொல்லுங்கள். இங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், மருந்துக்கடை திறந்திருந்தாலும் சாலை திறந்திருக்க வேண்டுமே.

அடுத்தது கார்பன் மோனாக்சைடு, எரிபொருள் எரியும்போது வரும் வாசனையே இல்லாத விஷவாயு. மின்சாரம் போன வீடுகளிலிருந்து எங்களிடம் வருபவர்களில் நான் மிகவும் பயப்படுவது இதற்குத்தான். ஜெனரேட்டரைக் கராஜுக்குள் வைத்துக் கதவைப் பாதி திறந்துவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள், போதாது. வெளியே, வீட்டிலிருந்து குறைந்தது 20 அடி தள்ளி, புகை ஜன்னல் பக்கம் வராதபடி இருக்க வேண்டும். கரி அடுப்பை உள்ளே கொண்டுவரவே கூடாது. ஜெனரேட்டரே இல்லாத வீட்டிலும் ஆபத்து உண்டு, ஹீட்டரின் புகைக்குழாய் பக்கச் சுவரில் தாழ்வாக இருந்தால் பனி அதை மூடிவிடும், புகை உள்ளேயே திரும்பும். வீட்டில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் தலைவலி, குமட்டல், தூக்கக் கிறக்கம், ஆனால் காய்ச்சல் இல்லை என்றால் குளிரால் வந்தது என்று போர்த்திக்கொண்டு படுக்காதீர்கள், உடனே வெளியே வாருங்கள். பேட்டரியில் ஓடும் அலாரம் மாடிக்கு ஒன்று கட்டாயம். காரில் மாட்டிக்கொண்டாலும் இதே கதைதான். 2022 ஜனவரியில் பாகிஸ்தானின் முர்ரி மலையில் பனியில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் வண்டிகளுக்குள்ளேயே இறந்தார்கள். எஞ்சினை ஓடவிடும் முன் பின்பக்கப் புகைக்குழாயைச் சுற்றிப் பனியை எடுத்தே ஆக வேண்டும்.

மாமனாரை ஷவல் தொடவிடாதீர்கள். நம் அப்பாக்கள் சும்மா உட்கார்ந்திருக்கமாட்டார்கள், "நான் ஒரு கை போடுகிறேன்" என்று கிளம்புவார்கள். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கியிருக்கும்போது கனமான ஈரப் பனியை அள்ளுவது இதயத்துக்குப் பெரிய சுமை. ஒவ்வொரு புயலுக்கும் அப்படி ஆட்கள் வருகிறார்கள்.

கோடைவாசி:
அக்கா, மிகவும் நன்றி. பேனா உறையக்கூடாது என்பது எனக்கும் தெரியாது, இன்றே அவர்களிடம் சொல்லிவிட்டேன்.

இன்னும் சில கேள்விகள். நாங்கள் பார்த்த வீடுகளில் ஒன்றில் கேஸ் ஹீட்டர் இருக்கிறது, மின்சாரம் போனாலும் அது ஓடும் இல்லையா? விறகு அடுப்பு அவசியமா? தண்ணீருக்கு என்ன செய்வது?

டிரக்கி_பக்கம்:
கேஸ் ஹீட்டர் ஓடாது. எரிவது கேஸில் என்றாலும் சூட்டை அறைகளுக்குத் தள்ளும் விசிறியும் கட்டுப்பாட்டுப் பலகையும் மின்சாரத்தில் ஓடுபவை. இதை வீடு வாங்கிய பிறகு முதல் புயலில் தெரிந்துகொள்பவர்கள் ஏராளம். விறகு அடுப்பு, அல்லது மின்சாரமே தேவைப்படாத சுவர் கேஸ் ஹீட்டர், இரண்டில் ஒன்று இல்லாத மலைவீட்டை நான் வாங்கமாட்டேன்.

விறகு வெட்டிப் பிளந்து குறைந்தது ஒரு கோடை காய்ந்திருக்க வேண்டும், ஓக் என்றால் இரண்டு கோடை. ஈர விறகு புகைந்து புகைபோக்கியின் உள்ளே கீல் மாதிரிப் படிந்துவிடும், அது தீப்பிடித்தால் கூரையே போகும், அதனால் வருடம் ஒருமுறை சுத்தம் செய்ய ஆளைக் கூப்பிடுங்கள். வீடு முழுக்கச் சூடாக்கப் பார்க்காதீர்கள். அடுப்பு இருக்கும் அறையைத் தவிர மற்றவற்றைக் கம்பளியால் மறைத்து எல்லோரும் அங்கேயே படுத்துக்கொள்ளலாம். குழாய் ஓடும் சுவர்ப் பக்கத்து அலமாரிக் கதவுகளை மட்டும் திறந்து வையுங்கள், குழாயில் நூல் மாதிரித் தண்ணீர் ஓடட்டும். (தோசை மாவு குளிரில் பொங்காது என்று மாமியார் கவலைப்பட்டால், அந்த அடுப்பிலிருந்து நான்கடி தள்ளி வைத்தால் இரவுக்குள் பொங்கிவிடும்.)

தண்ணீர் முன்கூட்டியே பிடித்து வைப்பதுதான் வழி, குளியல் தொட்டி நிறைய கழிப்பறைக்கு, கேன்களில் குடிக்க. பனியை உருக்கிக்கொள்ளலாம் என்று எல்லோரும் சொல்வார்கள், செய்து பார்த்தால்தான் தெரியும், புதுப் பனி பத்துப் பாத்திரம் உருக்கினால் ஒரு பாத்திரம் தண்ணீர் கிடைத்தால் பெரிது, எரிபொருளும் நிறையப் போகும். அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக்கொண்டு உருக்குங்கள், வெறும் பாத்திரத்தில் போட்டால் தீய்ந்த வாடை வரும்.

கூரை பற்றியும் ஒரு வார்த்தை. ஒரு கன மீட்டர் உலர்ந்த புதுப் பனி 100 கிலோகூட வராது, அதுவே படிந்து இறுகினால் 300 கிலோ, மேலே மழையும் பெய்து குடித்துக்கொண்டால் இன்னும் மேலே. தட்டைக் கூரையில் ஒரு மீட்டர் இறுகிய பனி நின்றால் ஒவ்வொரு சதுர மீட்டர் மேலும் நான்கு பெரிய ஆட்கள் நிற்கிற பாரம். கதவுகள் திடீரென்று இறுகிக்கொண்டு திறக்காமல் போனாலோ, கூரையில் புது விரிசல் தெரிந்தாலோ அந்த அறையில் இருக்காதீர்கள். நீங்களாக மேலே ஏற வேண்டாம், தரையில் நின்று இழுக்கும் நீளக் கைப்பிடி ரேக் கிடைக்கும், டெக்கை மட்டும் அவ்வப்போது காலி செய்துகொண்டே இருங்கள்.

வீட்டுக்_கணக்கு:
காப்பீடு பற்றி யாரும் பேசவில்லை. காட்டுத்தீ ஆபத்தால் இந்த மலையில் பல வீடுகளுக்குச் சாதாரண நிறுவனங்கள் பாலிசி தருவதில்லை, மாநிலச் சட்டப்படி காப்பீட்டு நிறுவனங்கள் சேர்ந்து நடத்தும் ஃபேர் ப்ளான்தான் கிடைக்கும். அதன் அடிப்படைக் காப்பு தீ, மின்னல், புகை, வீட்டுக்குள் நடக்கும் வெடிவிபத்து போன்றவற்றுக்குத்தான். பனிப்பாரத்தில் டெக் விழுந்தாலும், குழாய் உறைந்து வெடித்தாலும் அதில் வராது. அந்த இடைவெளியை நிரப்பத் தனியாக இன்னொரு பாலிசி எடுக்க வேண்டும். இரண்டின் பிரீமியத்தையும் சேர்த்து மாதத் தவணையோடு கூட்டிப் பார்த்துவிட்டு வீட்டுக்கு விலை பேசுங்கள்.

பைன்_காற்று:
சரி, வருடம் முழுக்க இருப்பவர்களின் நிலைமை வேறு என்பதை ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் இத்தனை செலவு செய்து, பயந்து பயந்து ஏன் அங்கே இருக்க வேண்டும்?

ரிம்_வாசி:
நியாயமான கேள்வி. நான் இருப்பதற்குக் காரணம் எங்கள் தெரு. 2023 இல் அரசு வண்டி வருவதற்கு முன்னால் எங்களை வெளியே கொண்டுவந்தது பக்கத்து வீட்டுக்காரர்கள்தான். ப்ளோயர் வைத்திருந்தவர் வீட்டுக்கு வீடு ஆள் நடக்கிற அகலத்தில் தடம் வெட்டினார், அவருக்குப் பெட்ரோல் நாங்கள் கொடுத்தோம். ஒரு வீட்டில் கேஸ் வாடை வந்தபோது வால்வை எங்கே, எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்று தெரிந்த ஒருவர் எதிர்வீட்டில் இருந்தார். எங்கள் வீட்டு விறகு அடுப்பில் சமைத்த சாம்பார் சாதம் மூன்று வீட்டுக்குப் போயிற்று, அவர்களுக்கு அது என்னவென்றே தெரியாது, ஆனால் இரண்டாம் நாளும் கேட்டு வாங்கினார்கள். தன்னார்வலர்கள் ஹெலிகாப்டரில் மருந்தும் உணவும் கொண்டுவந்தபோதும் எந்த வீட்டுக்கு எது தேவை என்ற பட்டியலைத் தெருவில் இருப்பவர்கள்தான் சொல்ல முடிந்தது.

அதனால் கோடைவாசி, ஜெனரேட்டர் வாங்கும் முன் தெருவில் நடந்து பாருங்கள். வார நாளில் மாலையில் போங்கள், எத்தனை வீட்டில் விளக்கு எரிகிறது என்று பாருங்கள். முக்கால்வாசி வீடுகள் வார இறுதி வாடகை விடுதியாக இருந்தால், பனியில் அடைபடும்போது உங்களைச் சுற்றி யாரும் இருக்கமாட்டார்கள், அல்லது செருப்பும் டி-ஷர்ட்டுமாக வந்து மாட்டிக்கொண்ட விருந்தினர்கள் இருப்பார்கள், அவர்களையும் நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கோடைவாசி:
எல்லோர் பதிலையும் கணவரோடு உட்கார்ந்து படித்தேன். சனிக்கிழமை பார்க்கவிருந்த இரண்டில் ஒரு வீடு தனியார் சாலையில் இருக்கிறது, கவுண்டி வண்டி அங்கே வராது என்று இப்போதுதான் தெரிந்தது, அதை விட்டுவிட்டோம். இன்னொன்று கவுண்டி சாலைதான், விறகு அடுப்பு இருக்கிறது, இரண்டு பக்கமும் குடியிருக்கிறார்கள். ஆனால் கேஸ் மீட்டர் கூரைச் சரிவுக்கு நேர் கீழே இருக்கிறது. இதற்காக வீட்டையே விட வேண்டுமா? மாமனார் மாமியாரை எப்படியும் ஜனவரியிலிருந்து மார்ச் வரை கீழே தம்பி வீட்டில் தங்கவைப்பதாக முடிவு செய்துவிட்டோம்.

ரிம்_வாசி:
விட வேண்டாம். மீட்டருக்கு மேல் சாய்வாக ஒரு கனமான மறைப்புக் கட்டலாம், இங்கே பல வீடுகளில் இருக்கிறது, ஆனால் கேஸ் நிறுவனத்திடம் அளவு கேட்டுவிட்டுத்தான் கட்ட வேண்டும், காற்றோட்டமும் மீட்டரைப் படிக்கும் வழியும் அடைபடக்கூடாது. அதன் செலவை விலையில் குறைக்கச் சொல்லுங்கள். மீட்டர் பக்கத்தில் ஒரு உயரமான கம்பு நட்டு, மூடும் வால்வுக்கான ஸ்பேனரைக் கம்பியில் கட்டித் தொங்கவிடாமல் வீட்டுக்குள் கதவோரம் மாட்டுங்கள், வெளியே இருந்தால் அதுவும் பனிக்கு அடியில் போய்விடும். சனிக்கிழமை போகும்போது ஹீட்டரின் புகைக்குழாய் எந்தச் சுவரில், தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் வெளியே வருகிறது என்று ஒரு படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.